துண்டு

என் தம்பி கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். புத்தகம் வாசிக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவதற்கு முன்னால் மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் எனக்காக ஏறி இறங்கிவிட்டுத்தான் மஸ்கெலியா பஸ்ஸைப் பிடிப்பான். நான் அவனுக்குச் சொல்லி வைத்திருந்த அடையாளம் ஒன்றே ஒன்று: அட்டையில் கத்தியோடு ஒரு பெண் நிற்பாள், பார்த்தால் வாங்கிவிடு.

"அக்கா, கத்தி வச்ச பொண்ணு ரெண்டு புத்தகத்துல நிக்கிது. எது ஒனக்கு வேணும்?" என்று ஒருநாள் கடையில் நின்றபடியே கேட்டான். பின்னால் பஸ் சத்தம், கடைக்காரர் விலை சொல்லும் சத்தம். பேரை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னேன். வாசிப்பதற்குள் போனில் காசு முடிந்துவிட்டது. அவன் ரெண்டையும் வாங்கி வந்தான். ஒன்று என்னிடம் ஏற்கெனவே இருந்தது.

இப்படித்தான் நான் அமெரிக்க எழுத்தாளர் சாரா ஜே. மாஸ் எழுதிய 'த்ரோன் ஆஃப் கிளாஸ்' என்ற மந்திரக் கதை வரிசையை வாசித்தேன். கிடைத்த ஒழுங்கில். முதல் நாவல் வந்தது 2012இல், கடைசி 2018இல். மொத்தம் ஏழு நாவல்கள், எல்லாம் செங்கல் கனம். இவற்றோடு 'தி அசாசின்ஸ் பிளேட்' என்று ஒரு தொகுப்பும் உண்டு. முதல் நாவல் தொடங்குவதற்கு முன்னால் கதாநாயகிக்கு என்ன நடந்தது என்று சொல்லும் ஐந்து குறுநாவல்கள். நான்கு குறுநாவல்கள் 2012இலேயே மின்னூலாக வந்தவை. 2014இல் புத்தகமாகச் சேர்த்தபோது இன்னொன்றைப் புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். அந்தப் புதிய ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வாசிக்காதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கீழே எல்லாக் குட்டும் உடையும். யார் சாகிறார், யார் காட்டிக்கொடுக்கிறார், எல்லாம் சொல்லப்போகிறேன்.

கதாநாயகி செலேனா. வயது 18. என்டோவியர் என்ற உப்புச் சுரங்கத்தில் ஒரு வருடம் அடிமையாகக் கிடந்தவளை வெளியே கொண்டுவருவதில்தான் முதல் நாவல் தொடங்குகிறது. நாட்டிலேயே பேர்போன கொலையாளி என்று பேர். சாம் என்று ஒருவனை நேசித்தாள், அவனைக் கொன்றுவிட்டார்கள் என்பது அந்த நாவலிலேயே அங்கங்கே வந்துவிடும். ஆகவே, சாம் செத்தவன் என்பது எனக்கு முதலிலிருந்தே தெரியும். அவன் முகம் மட்டும் தெரியாது.

முதல் நான்கு நாவல்களை எப்படியோ வரிசையாகவே வாசித்துவிட்டேன். ரெண்டைக் கூட வேலை செய்யும் டீச்சர் தந்தார், ரெண்டு தம்பி புண்ணியம். சிக்கல் வந்தது ஐந்தாவதில், 'எம்பயர் ஆஃப் ஸ்டோர்ம்ஸ்'. 2022 சித்திரை வருடப் பிறப்பு விடுமுறையில் அதை வாசித்தேன். பாதிக்கு மேல் போனதும் ஆன்சல் என்று ஒரு செம்பட்டைத் தலைக்காரி படையோடு வந்து நிற்கிறாள். செலேனாவும் அவளும் பழைய சண்டைக்காரிகளைப் போலப் பேசிக்கொள்கிறார்கள். கடற்கொள்ளைக்காரர் தலைவன் ரோல்ஃப் வருகிறான், அவனுக்கும் இவள்மேல் ஏதோ பழைய கோபம். பாலைவனத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். 'அன்றைக்கு நீ செய்ததற்கு' என்கிறார்கள். எந்த அன்றைக்கு? நான் புத்தகத்தைத் திருப்பி முதுகுப் பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். பழைய புத்தகம்தானே, பக்கங்கள் கழன்று விழுந்திருக்கலாம் என்று. பக்க எண்கள் சரியாக இருந்தன. கடைசியில் இவள் எல்லாருக்கும் ஆளனுப்பிப் பழைய கடன்களைத் திருப்பிக் கேட்டிருக்கிறாள் என்று தெரிகிற இடத்தில் வாசகர்கள் கைதட்டுவார்களாம். நான் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்தவள்போல எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பாடசாலை திறந்ததும் உயர்தரத்தில் படிக்கும் ஒரு பிள்ளையிடம் இதைச் சொன்னேன். அவள் போனிலேயே எல்லாவற்றையும் வாசித்து முடித்தவள். "ஐயோ டீச்சர், அதெல்லாம் முன்கதையில வருது. அதை வாசிக்காம அஞ்சுக்குப் போயிட்டீங்களா?" என்று அவள் கேட்ட தோரணையில், நான் அவளுடைய கட்டுரைகளில் போட்ட சிவப்பு வட்டங்களுக்கெல்லாம் சேர்த்து வட்டி வாங்கிக்கொண்டாள்.

அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று இலங்கையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது. புதிய ஆங்கிலப் புத்தகத்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்போது நாள் சம்பளம் 1000 ரூபாய், அதுவும் கொழுந்து நிறை சரியாக இருந்தால். அம்மா நாலைந்து நாள் மலையேறிப் பறிக்கிற காசைக் கொடுத்து ஒரு முன்கதையை வாங்குவது பாவம். தம்பிக்குச் சொல்லி வைத்தேன். ஆனி மாதம் கடையில் நாள் குறைத்துவிட்டார்கள் என்று அவனே மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினான். பெட்ரோல் இல்லை, பஸ் குறைவு, ஹட்டனிலிருந்து மழையில் ஒரு லொறியின் பின்னால் நின்றபடி வந்திருக்கிறான். பையைத் திறந்து பொலித்தீனில் சுற்றிய புத்தகத்தை எடுத்துத் தந்தான். அவனுடைய உடுப்பெல்லாம் நனைந்திருந்தது. புத்தகம் நனையவில்லை.

பாடசாலையும் இல்லை. கரண்டும் இல்லை. ஊரெல்லாம் கேஸுக்கு வரிசையில் நின்ற காலம். எங்களுக்கு அந்தக் கவலை மட்டும் இல்லை, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எப்போதும் விறகடுப்புதான். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, மிலாறு, அடுப்பில் நன்றாக எரியும். அந்த வெளிச்சத்தில் அப்பாவின் அம்மா, அப்பாயி, உட்கார்ந்திருக்கும். எனக்கு வெளிச்சம் வேண்டும், அப்பாயிக்கு ஆள் வேண்டும். நான் வாசிக்க வாசிக்க, "என்னாத்த அப்புடிப் பாக்குற? எனக்குஞ் சொல்லு" என்றது.

என் அப்பாயி 1944இல் இதே தோட்டத்தில் பிறந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் கூடை சுமந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் கதை கேட்பதில் பழுத்த ஆள். இடையில் கேள்வி கேட்கும், கேள்விக்குப் பதில் சரியில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பகலில் நான் ஒரு குறுநாவலை வாசிப்பதும், இரவில் அதை அப்பாயிக்குத் தமிழில் சொல்வதுமாக ஏழெட்டு நாள் போயிற்று. இந்தப் புத்தகத்தைப் பற்றி எனக்கு இப்போது இருக்கிற அபிப்பிராயத்தில் பாதி என்னுடையது அல்ல.

முதல் குறுநாவலில் செலேனாவுக்கு வயது 16. அவளையும் சாமையும் அவர்களுடைய தலைவன் அரோபின் ஒரு தீவுக்கு அனுப்புகிறான். அரோபின் கொலையாளிகளின் கூட்டத்துக்குத் தலைவன். அநாதையாகக் கிடைத்த செலேனாவை எடுத்து வளர்த்துத் தொழில் பழக்கியவன். தீவில் கடற்கொள்ளைக்காரன் ரோல்ஃபிடம் ஏதோ பணம் வாங்கி வர வேண்டும் என்று போகிறார்கள். போன பிறகுதான் தெரிகிறது, அது அடிமை வியாபாரம். இருவரும் ரோல்ஃபை ஏமாற்றி, கப்பல்களில் இருந்த ஏறக்குறைய 200 பேரை விடுவித்து அனுப்பிவிடுகிறார்கள்.

நான் இந்த இடத்தைக் கொஞ்சம் கைகால் ஆட்டிச் சொன்னேன். அப்பாயி அசையவில்லை. "போன எடத்துல அதுகளுக்கு சோறு யாரு போடுவா?" என்றது. எனக்குப் பதில் தெரியவில்லை. கப்பல் போய்விட்டது, கதை செலேனாவோடு திரும்பிவிட்டது. அப்பாயிக்கு அந்த 200 பேர் மறக்கவே இல்லை. ரெண்டு நாள் கழித்தும், "அந்தக் கப்பல்ல போனதுக என்னாச்சுன்னு எழுதியிருக்கானா?" என்று கேட்டது. எழுதியவர் பெண் என்று சொன்னேன். "அப்ப எழுதியிருக்கணுமே" என்றது.

திரும்பி வந்த செலேனாவை அரோபின் நினைவு தப்பும்வரை அடிக்கிறான். தன் வியாபாரத்தைக் கெடுத்ததற்கு. அதன் பிறகு, ஒரு மாதம் பாலைவனத்தில் இருக்கும் 'மௌனக் கொலையாளிகளின்' குருவிடம் போய்ப் பயிற்சி எடு, அவர் கையால் கடிதம் வாங்கிவராவிட்டால் திரும்பி வராதே என்று விரட்டுகிறான். அந்தப் பயணத்தில் வழியில் ஒரு அழுக்குத் துறைமுக ஊரில் சில நாள் தங்குகிறாள். அதுதான் இரண்டாவது குறுநாவல், 2014இல் சேர்த்தது.

இது மிகச் சின்னக் கதை. ஒரு சத்திரத்தில் இரீன் என்று ஒரு பெண் மேசை துடைக்கிறாள், தரை கழுவுகிறாள். அவளுடைய தாய் கைராசிக்கார மருத்துவச்சி. அந்தக் காரணத்துக்காகவே படைவீரர்கள் கொன்றுவிட்டார்கள். இரீனுக்கும் அந்தக் கை உண்டு. கடலுக்கு அப்பால் ஒரு பெரிய மருத்துவக் கோபுரம் இருக்கிறது, அங்கே போய்ப் படிக்க வேண்டும் என்று காசு சேர்க்கப் புறப்பட்டவள், சேர்ந்த காசு சாப்பாட்டுக்கே போக, அந்த ஊரிலேயே சிக்கிக்கொண்டாள். முகமெல்லாம் அடிபட்ட ஒரு அந்நியப் பெண் சத்திரத்தில் வந்து தங்குகிறாள். ஒரு இரவு சிலர் இரீனைத் தாக்க, அந்த அந்நியப் பெண் காப்பாற்றுகிறாள். கையை எப்படி உதறுவது, எங்கே அடிப்பது என்று கொஞ்சம் பழக்குகிறாள். மறுநாள் போய்விடுகிறாள். அறையில் ஒரு பை நிறையத் தங்கமும், ஒரு சிவப்புக் கல் ப்ரூச்சும், ரெண்டு வரி எழுதிய ஒரு காகிதமும் இருக்கின்றன. பேர் இல்லை.

பேராதனைக்கு மருத்துவம் படிக்கத் தெரிவாகியும் முதல் வருடச் செலவை நினைத்துப் படுக்காமல் இருந்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய், "ஒரு வருஷம், காசு சேத்துட்டு வந்து படிப்பேன்" என்று சொல்லிப் போன பிள்ளைகளையும் தெரியும். அதனால் இந்தச் சின்னக் கதையில் எனக்கு மந்திரமோ வாளோ தெரியவே இல்லை. தரை துடைக்கிற துணியை அவள் பிழிகிற இடம்தான் தெரிந்தது.

அப்பாயி ஒன்றுதான் கேட்டது: "துண்டுல என்னா எழுதியிருந்துச்சு?"

உனக்கு எங்கே போகணுமோ அங்கே போக இது, உலகத்துக்கு வைத்தியக்காரிகள் தேவை என்கிற மாதிரி எழுதியிருந்தது என்றேன். அப்பாயி அடுப்பில் ஒரு மிலாறைத் தள்ளிவிட்டு, "நல்ல துண்டு" என்றது.

அந்தச் சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை.

மூன்றாவது பாலைவனக் கதை. இலக்கியமாகப் பார்த்தால் ஐந்திலும் நன்றாக எழுதியது அதுதான். ஆன்சல் அங்கேதான் வருகிறாள். சிரிப்பும் பேச்சுமாகச் சிநேகிதியாகி, கடைசியில் தன் பழியைத் தீர்க்கக் குருவையே கொல்லத் துணிகிறாள். செலேனா அவளைக் கொல்லவில்லை. இருபது நிமிடம் தருகிறேன், அதற்குள் என் அம்பு எட்டாத தூரத்துக்குப் போய்விடு என்கிறாள். பிறகு அந்த அம்பை எப்போது விடுகிறாள் என்பதை மட்டும் நான் சொல்லமாட்டேன், எல்லாக் குட்டையும் உடைப்பதாகச் சொல்லியிருந்தாலும். ஐந்தாம் நாவலில் படையோடு வந்து நின்ற செம்பட்டைத் தலைக்காரியை நினைத்து, வாசித்த இடத்திலேயே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டேன். முன்பே வாசித்திருந்தால் அவள் வருகிற இடத்தில் கத்தியிருப்பேன். இது எனக்கு நட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

நான்காவது கொஞ்சம் சலிப்பு. உடுப்பு, நாடகம், விருந்து, செலேனாவின் அழகைப் பற்றி செலேனாவே நினைப்பது. நாட்டிலேயே பேர்போன கொலையாளி என்கிறார்கள், பாதி நேரம் கண்ணாடி முன்னால்தான் நிற்கிறாள். 16 வயதுப் பிள்ளை, விடு என்றது அப்பாயி. சரி, விட்டேன்.

ஆனால் அந்தக் கதையில்தான் கடன் வருகிறது. அரோபின் இவளுக்குப் போட்ட சோறு, உடுப்பு, பயிற்சி, எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறான். சாமுக்கும் அப்படித்தான். கடனை அடைக்கும்வரை அவனை விட்டுப் போக முடியாது. அடித்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல விலைகூடிய பரிசுகளைக் கொட்டுகிறான்.

"கணக்கு யாரு எழுதுறா?" என்றது அப்பாயி.

"அவன்தான்."

"அப்ப எப்புடி அடையும்?" என்று சொல்லிவிட்டு, "கங்காணி" என்றது. அரோபினுக்கு அதன்பிறகு எங்கள் வீட்டில் அதுதான் பேர். "இன்னைக்குக் கங்காணி என்னா செஞ்சான்?" என்றுதான் கதை தொடங்கும்.

அன்றைக்கு இரவு அப்பாயி கதை சொன்னது, நான் கேட்டேன். அப்பாயியுடைய தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். வழிச்செலவுக்கு, கம்பளிக்கு, அரிசிக்கு என்று தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற பெரிய கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறான். இறங்கின அன்றைக்கே கடன்காரர். அந்தக் கடனைப் பேரேட்டில் எழுதுகிறவனும் கங்காணிதான். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் கையில் ஒரு சீட்டு வேண்டும். இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன், இதைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று பழைய தோட்டத்தில் எழுதித் தருவது. புதிய தோட்டம் அதைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் தீராது, கடன்காரன் மாறுவான். அந்தச் சீட்டுக்குப் பேர் துண்டு. தமிழ்ச் சொல்லை அப்படியே எடுத்து வெள்ளைக்காரன் தன் அறிக்கைகளிலும் துண்டு முறை என்றே எழுதினான். 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நான் இதைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடக்குறிப்பில் படித்துப் பரீட்சையில் அரைப்பக்கம் எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டு ஆள் ஒருவருடைய மடியில் அது இருந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"தாத்தாவுக்கு வாசிக்கத் தெரியுமா அப்பாயி?"

"தெரியாது. அதுல நாப்பது ரூவான்னு போட்டிருக்கா நானூறுன்னு போட்டிருக்கான்னு கூடத் தெரியாதாம். மடியில வச்சுக்கிட்டு நடந்தாராம்."

செலேனா தன் கடனையும் சாமின் கடனையும் சேர்த்து அரோபினுக்கு முன்னால் கட்டிவிட்டு வெளியேறுகிற இடத்தை அடுத்த நாள் சொன்னேன். சலிப்பான கதை என்று நான் நினைத்தது அப்பாயி வாயில் போனதும் வேறாகிவிட்டது. "முழுசாவா கட்டுனா? ரெண்டு பேருக்குமா?" என்று ரெண்டு முறை கேட்டது. பிறகு, "விடமாட்டான்" என்றது.

விடவில்லை. ஐந்தாவது குறுநாவல் அதுதான்.

அதைச் சொல்லத் தொடங்குவதற்கு முன்னால் அப்பாயி, "அந்தப் பையன் பொழைப்பானா?" என்று கேட்டது. எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "செத்துருவான் அப்பாயி. மொதப் புத்தகத்துலயே தெரியும்" என்றேன்.

"சரி, சொல்லு."

முன்கதையை எப்போது வாசிக்க வேண்டும் என்று இந்த வரிசையின் வாசகர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. காலவரிசைப்படி முதலில் வாசி என்பது ஒரு கட்சி. மூன்றாவது நாவலுக்குப் பிறகு என்பது ஒரு கட்சி. ஐந்தாவதற்கு முன் எங்கேயாவது கட்டாயம் என்று எல்லாரும் சேருகிற ஒரு இடமும் உண்டு, அதைத்தான் நான் தவறவிட்டேன். முதலில் வாசி என்கிறவர்களுடைய நியாயம், சாமை உயிரோடு சந்தித்து, அவன் செத்த பிறகு சுரங்கத்துக்குள் போனால்தான் முதல் நாவலில் அவளுடைய கோபம் புரியும் என்பது. முதலில் வாசித்தால் அவன் சாவது அதிர்ச்சி. அதிர்ச்சி ஒருமுறைதான் வேலை செய்யும்.

நான் சின்ன வயதிலிருந்து மாசி மாதம் காமன் கூத்து பார்த்து வளர்ந்தவள். காமன் பொட்டலில் காமனை ஊன்றுவார்கள், தப்பு அடிப்பார்கள், ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் நடக்கும், ஊரே சாப்பிடும். மன்மதன் எரியப் போகிறான் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். போன வருடமும் எரிந்தான். தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி மறிக்கும்போது, வேஷம் கட்டியிருப்பது மேல் லயத்து அண்ணன் என்று தெரிந்தும் பொம்பளைகள் முந்தானையை வாயில் வைப்பார்கள். என்ன நடக்கும் என்று தெரியாத ஆள் அங்கே ஒருவர்கூட இல்லை. தெரிந்ததால்தான் கல்யாணச் சாப்பாடே தொண்டையில் நிற்கிறது.

சாம் அப்படித்தான் எனக்கு வந்தான். ஐந்து நாவல் முழுக்க வெறும் பேராக, ஒரு சாம்பல் மேடாக இருந்தவன் முன்கதையில் எழுந்து வந்து அவளோடு சண்டை போடுகிறான், அவளைப் பார்த்துச் சிரிக்கிறான், சமைக்கத் தெரியாத இருவரும் ஒரு பண்டசாலையின் மேல்மாடியில் குடித்தனம் நடத்துகிறார்கள், கடைசியாக ஒரே ஒரு வேலையை முடித்துவிட்டு இந்த நகரத்தை விட்டுப் போகலாம் என்று திட்டம் போடுகிறார்கள். ஒவ்வொரு வரியிலும் எனக்கு, போகாதே என்று சொல்ல வந்தது. முதலில் வாசித்திருந்தால் அந்த மேல்மாடிக் குடித்தனத்தை வேகமாகப் புரட்டியிருப்பேன். அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று. இப்போது மெதுவாகப் போனேன். எரிகிற நாள் வரக்கூடாது என்று இருந்தது.

ஆன்சலுக்காக முன்பே வாசித்திருக்க வேண்டும், சாமுக்காகக் கடைசியில் வாசித்ததே சரி. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் குழப்பம்தான்.

சாம் தனியாகப் போகிறான், பிடிபடுகிறான், சித்திரவதைப்பட்டுச் சாகிறான். பழி வாங்கப் போனவளும் பிடிபடுகிறாள். எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது அரோபின். கடனை அடைத்துவிட்டுப் போனவளை வேறு யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவனே விரித்த வலை. உப்புச் சுரங்கத்துக்குப் போகும் வண்டியில் அவளை ஏற்றுவதோடு கதை முடிகிறது. முதல் நாவலின் முதல் பக்கம் அங்கே காத்திருக்கிறது.

அப்பாயி வெகு நேரம் பேசவில்லை. மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு கேட்டது: "நம்ம காமன மூணா நாள் எழுப்புவாங்க. அந்தப் பையன எழுப்புறாங்களா?"

"இல்ல அப்பாயி."

"அப்பறம் எத்தன புத்தகம் இருக்கு?"

"ஏழு இருக்கு. ஏழும் வாசிச்சவங்க சொன்னாங்க, எழும்பல."

"என்னா கதை இது" என்று எழுந்து போய்ப் படுத்துக்கொண்டது. மறுநாள் காலையில் எனக்கு ரொட்டி தட்டிக்கொண்டே, "கங்காணிக்கு என்னா ஆச்சு? அதையாவது எழுதியிருக்காளா?" என்றது. நான்காவது நாவலில் அவன் கணக்கு முடிகிறது என்று சொன்னதும் ஒரு ரொட்டி கூட வந்தது.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். கரண்ட் வந்தது, பாடசாலை திறந்தது, தம்பி திரும்பக் கொழும்புக்குப் போனான். 2023 தீபாவளிக்கு வரும்போது 'டவர் ஆஃப் டோன்' கொண்டு வந்தான். வரிசையில் ஆறாவது, 2017இல் வந்தது. இதில் கதாநாயகி செலேனா இல்லை. கடலுக்கு அப்பால் இருக்கும் மருத்துவக் கோபுரத்தில் நடக்கிற கதை. முதுகில் அடிபட்டு நடக்க முடியாமல் வரும் ஒரு படைத் தலைவனுக்கு வைத்தியம் பார்க்க ஒரு மருத்துவச்சியை அனுப்புகிறார்கள். பேரைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. இரீன்.

போய்ச் சேர்ந்திருக்கிறாள்! தரை துடைத்தவள் போய்ச் சேர்ந்து, படித்து, கோபுரத்திலேயே கெட்டிக்காரி என்று பேர் எடுத்திருக்கிறாள். நான் அதை ஹட்டன் பஸ்ஸில் வாசித்துக்கொண்டிருந்தேன். நோர்வுட் தாண்டி வளைவுகள் தொடங்குகிற இடம், வாசித்தால் வாந்தி வரும் என்று தெரிந்தும் வாசித்தேன். அவள் அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறாள். பேர் தெரியாத ஒருத்தி எழுதிய ரெண்டு வரி. பயம் வரும்போதெல்லாம் பையில் கைவிட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா, "ஏன் புள்ள, வீட்டுல ஏதும் தொந்தரவா?" என்று கேட்கிற அளவுக்கு அழுதேன். இல்லை, ஒரு கடிதம் என்று சொன்னேன். அவர் தன் பையிலிருந்து ஒரு இஞ்சி டொபியை எடுத்துத் தந்தார்.

இறங்கினதும் நேராக அப்பாயியிடம்தான் போனேன். ஒன்றரை வருடமாகிவிட்டது, ஞாபகம் இருக்குமோ என்று நினைத்தேன். அப்பாயி வாசல் இஸ்தோப்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அப்பாயி, அந்த வைத்தியக்காரப் பொண்ணு இருக்காளே, சத்திரத்துல தரை கழுவுனவ. போய்ச் சேந்துட்டா. டொக்டராயிட்டா."

"எவ, அந்தத் துண்டு வாங்குனாளே, அவளா?" என்றது.

அப்போதுதான் அந்தச் சொல் எனக்குக் கேட்டது. கதை கேட்ட அந்த இரவிலேயே அது துண்டு என்றுதான் சொல்லியிருந்தது. தாத்தா மடியில் வைத்துக்கொண்டு நடந்ததும் துண்டு, இரீன் பையில் வைத்துக்கொண்டு கடல் தாண்டியதும் துண்டு. அப்பாயிக்கு ரெண்டுக்கும் வேறு வேறு சொல் தேவைப்படவில்லை.

"ஆமா, அவதான். அந்தத் துண்ட இன்னும் வச்சிருக்கா."

"எதுல வச்சிருக்கா?"

"பையிலதான். எங்க போனாலும் பையில."

அப்பாயியுடைய தகரப் பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே, அதன் பிரஜாவுரிமைக் காகிதம் இருக்கிறது. அந்த உரிமையை 1948இல் மலையகத் தமிழரிடமிருந்து பறித்தார்கள், 2003இல் வந்த சட்டத்துக்குப் பிறகு இந்தக் காகிதம் அப்பாயியின் கைக்கு வந்தது. கிட்டத்தட்ட 60 வயதில். வருடத்துக்கு ஒருமுறை வெயில் நாளில் எடுத்து, பிரித்துப் பார்த்து, திரும்ப மடித்து வைக்கும். யாரையும் தொடவிடாது.

"பையில வச்சா ஈரம் பட்டு நஞ்சு போயிரும்" என்றது அப்பாயி. "பொலித்தீன்ல சுத்தி வைக்கணும்னு யாராச்சும் அவளுக்குச் சொல்லணும்."